பிள்ளைகளோடு முதல் விடுமுறை: பெயர்ப்பலகையில் ஒரு தமிழ்ப் பாடம்

கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஒக்கலிபுரத்தில் என் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே எந்த ஊருக்கு எந்த வண்டி என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று அன்பர்கள் நம்புகிறார்கள். "சார், பிள்ளைங்க பொறந்ததிலேர்ந்து இந்த ஊரத் தாண்டினதில்ல. ஒரு தடவ தமிழ்நாட்டச் சுத்திக் காட்டணும். மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, தஞ்சாவூர் எல்லாம் ஒரு வாரத்துல வர்ற மாதிரி ஒரு பிளான் போட்டுக் குடுங்க" என்பார்கள். நான் முதலில் கேட்பது, சின்னப் பிள்ளைக்கு வயது என்ன என்பதுதான். ஆறுக்குக் கீழே என்றால் அந்தப் பிளானை நான் போட்டுக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களுக்கு வாசலில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

1993இல் நான் செய்த பிழை

அப்போது என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. ரயில்வே ஊழியனுக்குக் குடும்பத்தோடு போக பாஸ் உண்டு. பாஸ் இருக்கிறதே, அதை வீணாக்கலாமா என்ற எண்ணம்தான் எனக்கு. எட்டு நாளில் ஒன்பது ஊர் என்று கணக்குப் போட்டேன். ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரம், திருநெல்வேலி, குற்றாலம். எந்த வண்டியிலிருந்து எந்த வண்டிக்கு, இடையில் எத்தனை நிமிடம் என்று ஒரு அட்டவணையே தயாரித்து வைத்திருந்தேன். தண்டவாள வேலைக்கு வண்டிகளை நிறுத்த நேரம் கேட்டுக் கேட்டுப் பழகியவன். அதே புத்தியோடு பிள்ளைகளையும் ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் திருச்செந்தூரில் மகளுக்கு வயிற்றுப்போக்கு. வழியில் எங்கோ குடித்த தண்ணீராக இருக்கலாம். "சூடு ஒத்துக்கல, சரியாயிடும்" என்று நானே முடிவு செய்து, அட்டவணைப்படி கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேன். மறுநாள் திருநெல்வேலிக்கு வந்தபோது குழந்தையின் கண் குழிவிழுந்திருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. அங்கே ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் அரை நாள் இப்படியே விட்டிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா?" என்றார். இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். குற்றாலம் போகவில்லை. என் மனைவி ஊர் திரும்பும் வரை என்னோடு பேசவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். இழந்தது வேறு. மகனுக்கு அந்தப் பயணத்தில் நினைவில் நின்றது மீனாட்சியம்மன் கோயிலும் அல்ல, கடலும் அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாடையில் படுத்துத் தூங்கியதுதான். அடுத்த விடுமுறைகளில் திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் கிராமத்துக்கு, பாட்டி வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால், "வேணாம்பா, மைசூர் போலாம்" என்பான். நானும் வற்புறுத்தவில்லை. பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி படித்தான். தமிழ் பேசுவான், ஆனால் எழுத்து தெரியாது. 1999இல் என் தாயார் அவனுக்கென்று ஒரு இன்லண்ட் கடிதம் எழுதியிருந்தார். அதை என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்காங்க, படிச்சுச் சொல்லுங்கப்பா" என்றான். அதன் பிறகு பாட்டியிடமிருந்து கடிதம் வரவில்லை.

ஒரே ஊர், ஒரே வழி

2023 மே மாதம் மகள் வீட்டுப் பிள்ளைகளோடு போகும் வாய்ப்பு வந்தது. பேரனுக்கு எட்டு வயது, பேத்திக்கு நான்கு. நான் பேச்செடுத்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, எத்தன ஊரு?" "ஒரே ஊருதாம்மா. ஊட்டி." "அப்ப வரோம்" என்றாள்.

ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெங்களூரிலிருந்து பலரும் மைசூர், பந்திப்பூர் வழியாகக் காரில்தான் ஊட்டி போகிறார்கள். கல்லட்டி வழியில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். சின்னப் பிள்ளை வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது முன்சீட்டின் முதுகு மட்டும். அது அசையவில்லை என்கிறது கண். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்போ, ஆடுகிறோம், திரும்புகிறோம் என்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. ரயிலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எழுந்து நடக்கலாம், தூரத்தில் பார்க்கலாம், கழிவறை இருக்கிறது. (பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உண்டு என்பதையும் காரில் போகிறவர்கள் மறக்க வேண்டாம்.)

நாங்கள் போன வழி இது. சிட்டி ஸ்டேஷனிலிருந்து கோயம்புத்தூருக்கு 2018இல் விடப்பட்ட உதய் எக்ஸ்பிரஸ், இரட்டை அடுக்குப் பெட்டிகள் கொண்ட வண்டி. சிட்டி ஸ்டேஷன் என்றே எனக்கு வாயில் வருகிறது. 2016 முதல் அதன் பெயர் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா நிலையம். கோயம்புத்தூரில் இரவு தங்கி, மறுநாள் ஓய்வெடுத்து, மாலை மேட்டுப்பாளையம் போய்த் தங்கினோம். மூன்றாம் நாள் காலை மலை ரயில். ஊட்டியில் மூன்று இரவு. பிறகு வீடு. அவ்வளவுதான் திட்டம். இடையில் ஒரு முழு நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டிருந்தேன். மாப்பிள்ளை, "மாமா, இந்த நாள்ல என்ன பாக்கறோம்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். பேத்திக்கு கோயம்புத்தூரில் லேசாகச் சளி பிடித்தபோது அந்த நாள் எதற்கென்று அவருக்கே புரிந்துவிட்டது.

நம் ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். சிட்டி ஸ்டேஷன் கூப்பிடு தூரம். காலை முதல் இரவு வரை ஹாரன் சத்தத்தில் வளர்கிறார்கள். ஆனால் ரயிலில் ஏறியிராத பிள்ளைகள் எத்தனை பேர்! என் பேரனும் அப்படித்தான். மேலடுக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவன் வாய் மூடவில்லை.

குப்பத்தில் தொடங்கிய பாடம்

பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை ஏறத்தாழ 145 கி.மீ. 1864இல் பெங்களூர் கண்டோன்மென்டை ஜோலார்பேட்டையோடு இணைத்து மதராஸ் ரயில்வே போட்ட பாதை இது. நம் முன்னோர் பலர் வட ஆற்காட்டிலிருந்து மில் வேலைக்கும், தங்கவயல் வேலைக்கும் வந்தது இந்த வழியில்தான். என் தகப்பனாரும் ஒரு தகரப் பெட்டியோடு இதே பாதையில் வந்து பின்னி மில்லில் சேர்ந்தவர். பங்காரப்பேட்டையில் மாரிக்குப்பத்துக்குக் கிளைப் பாதை பிரிகிறது. 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் போகும் பாதை அதுதான் என்று பேரனுக்குக் காட்டினேன். அவனுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

ஆர்வம் வந்தது குப்பத்தில். குப்பம் ஆந்திராவில் இருக்கிறது. நமது ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் மஞ்சள் நிறத்தின் மேல் கறுப்பில் மூன்று மொழிகளில் பெயர் இருக்கும். முதலில் அந்த மாநிலத்து மொழி, பிறகு இந்தி, பிறகு ஆங்கிலம். குப்பத்தில் வண்டி நின்றபோது மேல் வரியைப் பார்த்துப் பேரன், "கு...ப்...பம்!" என்று படித்தான். "தாத்தா, இது கன்னடந்தான? ஏன் எழுத்து தலையில எல்லாம் டிக் போட்டிருக்காங்க?" என்றான். கன்னட எழுத்தும் தெலுங்கு எழுத்தும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை, ஆகவே கன்னடம் படித்த பிள்ளை தெலுங்குப் பலகையை ஓரளவு படித்துவிடும் என்று விளக்கினேன். அவனுக்கு ஒரே பெருமை. கற்காத ஒரு மொழியைப் படித்துவிட்டானே!

அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் பச்சூர், அதிலிருந்து தமிழ்நாடு. ஜோலார்பேட்டையைத் தாண்டித் திருப்பத்தூர் வந்தது, எங்கள் சொந்த ஊருக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன். மஞ்சள் பலகை ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. "இது என்ன எழுத்து தாத்தா? ஒண்ணும் புரியல" என்றான். படிக்காத தெலுங்கைப் படித்தவன், வீட்டில் பேசும் மொழியைப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு என் தாயாரின் இன்லண்ட் கடிதம் நினைவுக்கு வந்தது.

கோயம்புத்தூருக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. உயரக் கணக்கு எழுதுவதற்காகக் கொண்டு போயிருந்த நோட்டை எடுத்து, வரப்போகும் ஸ்டேஷன் பெயர்களைப் பெரிதாக எழுதினேன்: சேலம், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர். இதை வீட்டிலேயே செய்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

கன்னடப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தில் வரும் முதல் குழப்பம், எழுத்துக்கள் குறைவாக இருப்பது. கன்னடத்தில் 'க' வரிசையில் நான்கு எழுத்து. தமிழில் ஒன்றுதான். "அப்ப இதை எப்படிப் படிக்கிறது, எது அழுத்தம், எது மென்மை?" என்று பிள்ளை கேட்கும். நம்மில் பலர், "அது பழக்கத்துல வந்துடும்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. க, ட, த, ப நான்கும் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதை வைத்தே ஒலி மாறுகிறது. அதற்கு விதி உண்டு. அந்த விதியைக் கற்பிக்க ஸ்டேஷன் பெயர்களை விட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் வரும் 'கோ' அழுத்தமாக ஒலிக்கிறது. நடுவில் 'ம்பு'. ம் என்ற மெல்லெழுத்துக்குப் பின்னால் வருவதால் அந்தப் ப மென்மையாகிறது. பிறகு 'த்தூ'. இரட்டித்து வருவதால் த அழுத்தம். ஒரே பெயரில் மூன்று விதி! இனி ஈரோடு. 'டு' இரண்டு பக்கமும் உயிரொலிக்கு நடுவே தனியாக நிற்கிறது, ஆகவே மென்மை. மேட்டுப்பாளையத்தில் அதே 'டு' இரட்டித்து 'ட்டு' ஆகிறது, உடனே அழுத்தம். திருப்பூரில் 'ப்பூ' அழுத்தம். உதகமண்டலத்தில் த, க இரண்டும் தனியாக நடுவில் நிற்பதால் மென்மை. 'ண்ட' மெல்லெழுத்தைத் தொடர்வதால் மென்மை. ஊட்டி என்றால் 'ட்டி' அழுத்தம். வடமொழியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்த சொற்களில் இந்த விதி பிசகும். பெங்களூர் என்பதே முதலெழுத்தில் விதியை மீறுகிறது, பங்காரப்பேட்டையும் அப்படித்தான். அதை முதல் நாளே சொல்லிக் குழப்ப வேண்டாம்.

இந்த நான்கு இடங்களையும், அதாவது முதலில், இரட்டித்து, மெல்லெழுத்தின் பின், உயிர்களுக்கு நடுவில் என்று, விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். சேலத்தில் வண்டி நின்றபோது 'லம்' வரை தட்டுத் தடுமாறினான். ஈரோடு வந்தபோது விளக்கு ஏற்றியாயிற்று. 'ஈ' என்ற எழுத்து அவனுக்கு வினோதமாக இருந்தது. இருந்தும், "ரோ... டு... ஈரோடு" என்று பின்னாலிருந்து முன்னால் வந்து பிடித்துவிட்டான். கோயம்புத்தூரில் இறங்கும்போது பலகையின் முன் நின்று முழுப் பெயரையும் படித்தான். மூட்டை முடிச்சோடு நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் வந்த போர்ட்டர் ஒருவர் அவசரப்படுத்தாமல் தானும் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

உயரக் கணக்கு

பெரிய பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். ரயிலில் ஆயிரம் தடவை போனவர்களும் இதைக் கவனிப்பதில்லை. எங்களுக்கோ அதுதான் முக்கியம். ஏற்றத்துக்கேற்ப எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்பதே தொழில். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர். ஜோலார்பேட்டை 400ஐ ஒட்டி. சேலம் 280, ஈரோடு 170 அளவில். கோயம்புத்தூர் மறுபடியும் 400க்கு மேல். மேட்டுப்பாளையம் 330. குன்னூர் 1,700 அளவு. ஊட்டி 2,200. ஒரு கட்டம் போட்ட தாளில் இவற்றைப் புள்ளியாக வைத்துக் கோடிட்டால், பீடபூமியிலிருந்து இறங்கி, காவிரிக் கரையில் அடிமட்டம் தொட்டு, மலையேறுவது படமாகவே வந்துவிடும். பேரன் இந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறான்.

மேட்டுப்பாளையத்தில் இரண்டு அளவுப் பாதைகளையும் அருகருகே பார்க்கலாம். நாம் வந்த அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், மலை ரயிலின் மீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் திறக்கப்பட்ட இந்த 46 கி.மீ. பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கல்லாறு முதல் குன்னூர் வரை சாதாரண ரயில் ஏற முடியாது. மும்பை புனே பாதையில் போர் காட் என்ற கடும் ஏற்றத்திலேயே சரிவு 37க்கு 1தான். இங்கே 12.5க்கு 1. அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 8 சென்டிமீட்டர் ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். ஆகவே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பற்கள் வெட்டிய இரண்டு சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் முறை. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் பள்ளம் வருமாறு அமைப்பு. எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல் எஞ்சினின் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சினில் ஒரு சோடி சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை முடித்து வரும் நீராவியை வீணாக்காமல் இன்னொரு சோடிக்கு அனுப்பிப் பற்சக்கரத்தைச் சுற்ற வைப்பார்கள். ஒரு ரூபாயை இரண்டு தடவை செலவழிக்கும் வித்தை என்று பேரனுக்குச் சொன்னேன். இந்த எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. பின்னாளில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவற்றைச் செய்துவிட்டார்கள்.

"எஞ்சின் ஏன் தாத்தா பின்னாடி இருக்கு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மேலே ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தால்கூடப் பெட்டிகள் உருண்டு ஓடாமல் எஞ்சின் மேல் சாய்ந்து நிற்கும். அதோடு ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று வருகிறார்.

இவ்வளவும் எனக்கும் எட்டு வயதுப் பேரனுக்கும் சரி. நான்கு வயதுப் பேத்தி ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும்போது குரங்குகளைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மா மடியில் தூங்கிவிட்டாள். குன்னூரில் எழுந்து, "வீட்டுக்குப் போலாம்" என்று அழுதாள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஆகவே, ரயில்காரனாகிய எனக்கு மனம் ஒப்பாத ஒரு யோசனையைச் சொல்கிறேன். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டுமே உள்ளவர்கள் குன்னூர் வரை பஸ்ஸில் போய், குன்னூர் ஊட்டி பகுதியில் மட்டும் மலை ரயிலில் ஏறுங்கள். ஒன்றேகால் மணி நேரம் அளவுதான் ஆகும். டிக்கெட் கிடைப்பதும் சற்று சுலபம். அந்தப் பகுதியில் டீசல் எஞ்சின்தான், பற்சட்டம் கிடையாது. பிள்ளை பெரியவனானதும் கீழ்ப்பகுதிக்கு இன்னொரு தடவை வரலாமே.

டிக்கெட், தண்ணீர், குளிர்

முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. மலை ரயிலுக்கு இடம் மிகக் குறைவு. முதல் நாளே பதிவு செய்யுங்கள். 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனி இடம் வேண்டுமென்றால் 2016 முதல் முழுக் கட்டணம். தசரா விடுமுறையில் ஊட்டி ரயிலுக்குத் திட்டமிடுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து கல்லாறு குன்னூர் பகுதி அடிக்கடி மூடப்படும். சொந்த வண்டியில் போவோருக்கு 2024 மே முதல் இ-பாஸ் தேவை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. காய்ச்சி ஆறிய தண்ணீர், வீட்டு இட்லி, மிளகாய்ப்பொடி, வாழைப்பழம், இவற்றோடு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. இது இல்லாமல் நான் படியிறங்குவதில்லை. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறை போன பிறகும் கொடுக்க வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த போங்கான் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து கொடுத்தே காலராச் சாவுகளைப் பெரிதும் குறைத்தார். 1993இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் திருச்செந்தூரிலேயே கொடுத்திருப்பேன். ஆனால் கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ கரைசலை நம்பிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி கணக்கில் குளிர் கூடும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்த பிள்ளைக்குக் குன்னூரில் ஸ்வெட்டர் வேண்டும். அது பெட்டியின் அடியில் இருந்தால் பிரயோசனமில்லை, கைப்பையில் இருக்கட்டும். காது அடைத்தால் மிட்டாயைச் சப்பச் சொல்லுங்கள், விழுங்க விழுங்கச் சரியாகும். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மிட்டாய் வேண்டாம், தண்ணீர் போதும்.

ஊட்டியில் நாங்கள் தங்கிய இடத்தில் சமையலறை இருந்தது. "பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று என் மனைவி அலுத்துக்கொண்டாள். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. பெங்களூரில் 97 டிகிரியில் கொதிப்பது அங்கே 93க்கே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர சூடு போதாது. குக்கரை வாங்கி வந்த பிறகுதான் ரசம் சாதம் கிடைத்தது.

அரசு தாவரவியல் பூங்காவில் 2 கோடி ஆண்டுப் பழைய கல்லான மரத்துண்டு இருக்கிறது. பேரன் அதைப் பார்த்தான். பேத்தி புல்வெளிச் சரிவில் உருண்டாள், எழுந்து மேலே ஏறினாள், மறுபடி உருண்டாள். ஒன்றரை மணி நேரம். படகுச் சவாரிக்கு நேரமாகிறது என்று மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உட்காரச் சொன்னேன்.

கடைசி நாள் தபால் நிலையத்தில் ஒரு கார்டு வாங்கி, புனேயில் இருக்கும் தன் மாமாவுக்கு, அதாவது என் மகனுக்கு, பேரன் தமிழில் எழுதினான். எழுத்துக்கள் சாய்ந்தும் சரிந்தும் இருந்தன. பத்து நாள் கழித்து மகன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "என்ன எழுதியிருக்கான்பா, படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டான். "நாங்கள் ஊடி வந்தோம். 2200 மீட்டர். குளிர்" என்று இருந்தது. இரட்டிக்க வேண்டிய இடத்தில் ஒரு ட் விட்டுப்போயிருந்தது. படித்துச் சொல்லிவிட்டு, "உனக்கும் ஸ்டேஷன் பேரெல்லாம் எழுதி அனுப்பட்டுமா?" என்றேன். "அனுப்புங்க" என்றான். நான்கைந்து அனுப்பியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

போகும் வழியில் உள்ள எட்டு ஸ்டேஷன் பெயர்களை மஞ்சள் அட்டையில் கறுப்பு மையால் எழுதி, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பெயரிலும் அழுத்தமாக ஒலிக்கும் எழுத்தின் கீழ் ஒரு கோடும், மென்மையாக ஒலிக்கும் எழுத்தின் கீழ் ஒரு வட்டமும் பிள்ளையே போடட்டும். தருமபுரி, ஓசூர் வழியாகப் போகிறவர்கள் தருமபுரியில் 'பு' எப்படி ஒலிக்கிறது, ஏன் என்று கேளுங்கள். அது பிறமொழிச் சொல், சற்று யோசிக்க வைக்கும்.

46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் போகும் ரயிலின் வேகம் என்ன? உங்கள் சைக்கிளை விட வேகமா, மெதுவா?

ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 8 சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். அதன் மேல் ஒரு தீப்பெட்டியையும், ஒரு பொம்மைக் காரையும் வையுங்கள். எது நிற்கிறது, எது ஓடுகிறது? பலகையில் சோப்புத் தண்ணீர் தடவினால் தீப்பெட்டி என்ன ஆகிறது? செய்து பார்த்து, கண்டதைத் தமிழில் நான்கு வரி எழுதி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.